வலது கை, இருபது பந்து

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. நாளைக்கு யூனிபார்மை ஈரத்தோடுதான் மாட்ட வேண்டும்.

புது நோட்டு. பூந்தமல்லி பிசியோ மேடம் எண்ணிக்கை எழுதி வரச் சொன்னார். தினம் இருபது பந்து, வலது கை, என் வீட்டுக்காரர் எத்தனை திருப்பி அடித்தார் என்று. அதை அட்டையில் தனியாக எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த நோட்டு எனக்கு. வேலையிலும் பேச நேரமில்லை, வீட்டிலும் பேச முடிவதில்லை.

ஜூலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் பழையபடி திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வலது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆக்ஸிலேட்டர் வலது கையில். விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் ஆறுதல் பேச்சு.

கிளினிக்கில் பெரிய டி.வி., அதற்குக் கீழே ஒரு கேம் பெட்டி, மேலே கேமரா. கையில் பட்டை கட்டி டென்னிஸ் ஆட வைக்கிறார்கள். ஆடினால் கை பழகுமாம். செவ்வாயும் வெள்ளியும் அங்கே. மற்ற நாட்களில் வீட்டில் போனிலேயே ஆடலாம் என்றார் மேடம். மகன் ஓசூரிலிருந்து வந்தபோது ஆட்டத்தை அப்பா போனில் ஏற்றி, டி.வி.யில் தெரிகிற மாதிரி செய்துவிட்டுப் போனான். போனை வீசினால் டி.வி.யில் மட்டை வீசும். அவரால் இறுக்கிப் பிடிக்க முடியாதே, அதனால் பழைய சுடிதார் துணியில் போனுக்கு ஒரு பை தைத்தேன். மணிக்கட்டுக்கு எலாஸ்டிக், மேலே ஒட்டிப் பிரிக்கிற பட்டை. முதலில் நான்தான் கட்டிவிட்டேன். இப்போது “நானே போட்டுக்கிறேன்” என்கிறார்.

போன வாரம் முழுக்க 0, 1, 1, 0, 1.

இன்று 13.

நான் அடுப்படியில் இருந்தேன். அங்கிருந்து டி.வி. தெரியும், அவர் நாற்காலி தெரியாது, பீரோ மறைக்கும். போனில் கைதட்டல் சத்தம் விடாமல் கேட்கிறதே என்று எட்டிப் பார்த்தால் டி.வி.யில் 13/20. கரண்டியோடு நின்று அழுதேன். அவர் பீரோவுக்குப் பின்னாலிருந்து, “வள்ளி, அது இன்னான்னா...” என்று ஏதோ ஆரம்பித்தார். எனக்குக் காதில் விழுந்தால்தானே. கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டே கேசரி கிண்டினேன். நெய் தாராளமாக. பிறகு ஷிப்ட் ஆட்டோ குரூப்பில் போட்டேன்: “அவருக்கு இன்னிக்கு 13.”

அந்தக் குரூப்பில் திருமழிசைக்கு வேலைக்குப் போகிற நாங்கள் ஏழு பேர். அவரும் உண்டு. எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தானே. சகுந்தலா உடனே குரல் செய்தி: “அண்ணாத்தே, சீக்கிரமா வா. இந்தப் பையன் பாட்டுப் போட்டே எங்கள சாவடிக்கிறான்.” அவருக்குப் பதில் ஓட்டுகிற பையனைச் சொல்கிறாள்.

அவர் கேசரி இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். ஆச்சரியம். ஷிப்ட் முடிந்து நேராக வீடு, அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பூந்தமல்லி.

கி. என்றால் கிளினிக், வீ. என்றால் வீடு. முழுசாக எழுத நேரமில்லை.

வீ. (நேற்று) 14. கி. 2.

அங்கே டி.வி.யில் அவர் மாதிரியே ஒரு பொம்மை நிற்கும். அவர் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். இன்று பொம்மையின் வலது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. பந்து வருகிறது, போகிறது, பொம்மை சும்மா நிற்கிறது. மேடம் என் அட்டையைப் பார்த்தார்.

“வீட்ல பதினாலா?”

“ஆமாம் மேடம்.”

“போன்ல கொஞ்சம் தாராளமாத்தான் விழும். லேசா அசைஞ்சாலே பந்து போயிடும். ஆனாலும்...” பேனாவால் 14-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், “அந்த மெஷினு மட்டம். ஊட்ல ஆடறப்போ நல்லாத்தான கீது” என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

சரி என்று நினைத்தேன். இதில் எனக்கு வெட்கம்தான். பதினொரு வருடமாகக் கம்பெனியில் எனக்கு என்ன வேலை? கேஜ் என்கிற அளவுக் கருவியை வைத்துப் பார்ப்பது. புஷ் என்கிற இரும்பு வளையம் உள்ளே நுழைந்தால் ஓகே, நுழையாவிட்டால் ரிஜெக்ட். காலையில் முதல் வேலையே கேஜையே சரியான அளவுள்ள மாஸ்டர் பீஸில் போட்டுச் சரிபார்ப்பது. இரண்டு கேஜ் இரண்டு விதமாகச் சொன்னால் லைனை நிறுத்துகிறவள் நான். வீட்டில் எது சாதகமோ அந்தக் கேஜை வைத்துக்கொண்டேன்.

இதை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும். அவர் பொய் சொல்லமாட்டார்.

நவம்பர் 5, புதன்

மேகமூட்டம். காலில் சேற்றுப்புண். மஞ்சள்.

டீ நேரத்தில் சகு வந்து உட்கார்ந்தாள். பாட்டுப் பையன் இந்த மாதம் பதினைந்தோடு நிற்கிறானாம். கார்த்திகை ஒன்று பிறந்தால் ஐயப்ப சீசன், சாமிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போக ஒப்புக்கொண்டுவிட்டான்.

“இன்னாடி வள்ளி, அண்ணன் தெனம் பதிமூணு பதினாலுன்னு அடிச்சிகினு கீது. கார்த்திக ஒண்ணு திங்கக்கிழமதான். அண்ணனையே வரச் சொல்லேன்.”

மற்ற ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தலைகால் புரியாத பெருமை எனக்கு. “வரும்” என்று சொல்லிவிட்டேன். அவரைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை, மேடத்தைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். குரூப்பில் அதற்குள் பார்த்திருந்தார். பூ, கைகூப்பு, இதயம் என்று வரிசையாக வந்திருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

“திங்கக்கெயமயா?”

“பதினேழு.”

“ம்.”

வீ. 15.

செய்ய வேண்டியது: இன்சூரன்ஸ் தேதி பார்க்க. பாட்டரி சார்ஜ். தார்ப்பாய் எடுத்துக் காய வைக்க. ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் வண்டியிலேயே சருகாகக் கிடக்கிறது, எடுக்க.

நவம்பர் 7, வெள்ளி

கி. 3. வீ. 16 (நேற்று).

மேடம் இன்று அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். இவர் சட்டைப் பித்தானை இடது கையால் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

மாலை மாடிக்குப் போனேன், மோட்டார் போட. மாடி வீட்டில் குடியிருக்கும் தீபா கரூர்ப் பெண், ஐ.டி., பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவள் அறையில் கிளினிக்கில் இருக்கிற அதே மாதிரிப் பெட்டி. கேட்டேன், போனுக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று. அவள் தன் போனை எடுத்துச் சேலைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக் காட்டினாள்.

“போனுக்கு, தன்னை ஆட்டுறாங்கன்னு மட்டுந்தானுங்க்கா தெரியும். யாரு ஆட்டுறா, எந்தக் கை, நின்னுட்டா உக்காந்துட்டா, ஒண்ணும் தெரியாதுங்க. படுத்துட்டு மணிக்கட்டை மட்டும் வெடுக்குன்னு ஆட்டுனாலும் பாயிண்ட்னு சொல்லும். நானே அப்படி ஏமாத்தி ஜெயிச்சிருக்கேன். கன்சோல்ல, இந்தப் பெட்டில, ரெண்டு கைக்கும் தனித்தனிப் பட்டை, மேல கேமரா. ஆளையே பாத்துரும்.”

“அப்போ இதுதான் கிளினிக் மாதிரி.”

“எடுத்துட்டுப் போங்க்கா. நான் தொட்டே மாசமாச்சு.”

நல்ல யோசனை. வீட்டிலும் கிளினிக்கிலும் ஒரே கேஜ். மேடத்தின் கேள்விக்குறிக்குப் பதில் சொல்லிவிடலாம். இறங்கி வந்து அவரிடம் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று.

தட்டைத் தள்ளினார். சாம்பார் டேபிளில் ஓடியது.

“இன்னாமே, என்ன நம்பலயா நீ? ஊரான் ஊட்டு மெஷின கொண்டாந்து பரீட்ச வெக்கிறியா?”

“பரீட்சைன்னு யாரு சொன்னா?”

“ஒண்ணும் வாணாம். போனு போதும்.”

டேபிளைத் துடைத்தேன். கோபம் மூக்கு மேல். ஓசியில் கிடைப்பதை வேண்டாம் என்கிற கௌரவம் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறேன். வேறு என்னவாக இருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு விட்டு. மாங்காட்டுக்குப் போய் அம்மனுக்கு அர்ச்சனை, அவர் பெயரில். பிரசாதக் குங்குமத்தை இடது கையால் வாங்கப் போனார், அர்ச்சகர் முறைத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

மதியம் வண்டி துடைத்தோம். மாலைச் சருகு ஒரு முறம். அவர் ஏறி உட்கார்ந்தார். நான் கண்ணாடி துடைக்கிற சாக்கில் பார்த்தேன். வலது கை தொடைமேல். இடது கையால் வலது கையைத் தூக்கி ஹேண்டில் மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். கை அங்கேயே இருந்தது. முறுக்கவில்லை.

“ஸ்டார்ட் பண்ணிப் பாரேன்.”

“திங்கக்கெயம பாத்துக்கலாம்.”

“ரோடு வரைக்கும்.”

“சொன்னா கேளு வள்ளி.”

வீ. 17.

போன் பையைத் துவைக்க எடுத்தேன். ஒட்டுப்பட்டையின் நுனி நைந்து, ஈரம். பல் தடம் மாதிரி. எலி என்று நினைத்தேன். எலி கடித்தால் ஓட்டை விழும். இது நசுங்கியிருக்கிறது. புதுப் பட்டை வாங்க.

நவம்பர் 11, செவ்வாய்

பலத்த மழை. கம்பெனி வாசலில் முட்டியளவு தண்ணீர்.

கி. போகவில்லை. வயிற்றுவலியாம். மூன்று மணிக்கு நான் வந்தபோது வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீ. 17.

சகு போன்: மற்ற ஆறு பேரும் சேர்ந்து வண்டிக்குப் புது மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் வாங்குகிறார்களாம். திங்கட்கிழமை விடிகாலை ஐந்தேகாலுக்குக் காட்டுப்பாக்கம் ஸ்டாப்பில் சுற்றிப்போட்டு ஏறுவார்களாம். “அண்ணன் கையில சொல்லாத, சும்மா ஒரு இதுவா இருக்கட்டும்.”

அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிதான். இருட்டு வேறு. பழைய நாளில் அவர் ஓட்டும்போது நான் முன்சீட்டுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டே போவேன்.

நவம்பர் 12, புதன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் ஆறரை. நான் அடுப்படியில் சப்பாத்தி. அவர் பீரோவுக்குப் பின்னால் ஆட்டம். கைதட்டல், கைதட்டல். திடீரென்று கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஒட்டுப்பட்டை பிரிகிற சத்தம் இருட்டில் கேட்டது. வெளிச்சம் பட்டபோது பை அவர் மடியில்.

“எத்தனை?”

“பதினாறுல கரண்டு பூட்ச்சி.”

தண்ணீர் கேட்டார். டம்ளரை நீட்டினேன். இடது கையை நீட்டினார். மணிக்கட்டில் எலாஸ்டிக் தடம். சிவப்பாக, பல் பல்லாக, அப்போதுதான் கழற்றிய தடம்.

வலது மணிக்கட்டைப் பார்த்தேன். அது கொஞ்சம் வீங்கிய கை. கட்டினால் அதில்தான் நன்றாகப் பதியும். சுத்தமாக இருந்தது.

இடது கையில் கட்டினால் வலது கையால் பிரிக்க முடியாது. பல்லால்தான் பிரிக்க வேண்டும்.

பதிமூன்றும் பதினேழும் இடது கை.

சப்பாத்தி கருகிற வாசனை வந்தது, உள்ளே போய்விட்டேன். பத்து நாள் டி.வி.யைத்தான் பார்த்தேன். நாலடி நகர்ந்து நின்று அந்த மனுஷனை ஒருமுறை பார்க்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

தூறல்.

கம்பெனியில் ஓகே பீஸை ரிஜெக்டில் போட்டேன், ஒரு ட்ரே. சூப்பர்வைசர், “உடம்பு சரியில்லையா?” என்றார்.

சகுவிடம் சொல்ல வாய் வரை வந்தது. “எங்க ஊட்டுக்காரு ஏமாத்துறாரு” என்று எப்படிச் சொல்வது? அவர் ஏமாற்றினால் ஊருக்குத் தண்டோரா போட்டவள் யார்?

சாயங்காலம் பீன்ஸை ஹாலுக்கு எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்து நறுக்கினேன். ஆறரை ஆனது. ஏழு ஆனது.

“ஆடலயா?”

“தல நோவுது.”

“சும்மா அஞ்சு பந்து.”

“இன்னாமே ஒனக்கு இன்னிக்கு?”

வீ. – கோடு.

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தைவிடப் பயம் அதிகம். இவர் திங்கட்கிழமை ஓட்டிவிடுவார். முடியாது என்று சொல்கிற வெட்கத்துக்கு லாரி பரவாயில்லை என்று நினைக்கிற ஆள்.

நவம்பர் 14, வெள்ளி

கி. 3.

அவரை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு மேடத்திடம் தனியாகக் கேட்டேன். திங்கட்கிழமை ஓட்டலாமா.

மேடம் எழுந்தே விட்டார். “ஆட்டோவா? யாரு சொன்னது? என்கிட்ட யாருமே கேக்கலையே.”

“வீட்ல பதினேழு அடிக்கிறார்னு...”

“அம்மா, அது கேம். கை பழகறதுக்கு. வண்டி ஓட்ட ஃபிட்டுன்னு சொல்ற சர்டிபிகேட் இல்ல. அவர் விரல் இப்பதான் லேசா மடங்க ஆரம்பிச்சிருக்கு. முறுக்கிப் பிடிக்கிற பலம் இன்னும் வரல. தினம் வலது கையால செஞ்சா வரும். இந்த மாசங்கள விட்டுட்டா கஷ்டம்.”

தினம் வலது கையால செஞ்சா. நவம்பர் இரண்டிலிருந்து அந்தக் கை வீட்டில் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் நான் அழகாக அட்டையில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையை மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “அவரே சொல்லட்டும்மா. நீங்க பிடிச்சிக் குடுத்தா இங்க வர்றதையே நிறுத்திடுவாரு” என்றார்.

சொல்ல இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

நவம்பர் 15, சனி

ஷிப்ட் உண்டு. பாட்டுப் பையனின் கடைசி நாள். எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். பாவம், நல்ல பையன்தான்.

மூன்று மணி. தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டேன். எங்கள் ஆட்டோ காலையில் வாசலைப் பார்த்து நின்றது. இப்போது தெருவைப் பார்த்து நிற்கிறது.

சுற்றி வந்து பார்த்தேன். வலது பக்கத் தகட்டில் புதுக் கீறல், ஒரு முழம். அதில் நீல டிஸ்டெம்பர். எதிர்வீட்டுக் காம்பவுண்டு நீலம்.

மாடியிலிருந்து தீபா இறங்கி வந்தாள். முகமே சரியில்லை.

“அக்கா, அண்ணன் முக்கு வரைக்கும் எடுத்துட்டுப் போனாருங்க. இடது கைய இப்படிக் குறுக்கால போட்டு வலது பக்க ஹேண்டிலைப் பிடிச்சுட்டு. நான் கத்துனேன், கேக்கலைங்க. ஸ்கூல் வேன் வந்துருச்சு, அதான் செவுத்துல ஒதுங்குனாரு.”

இடது கை ஆக்ஸிலேட்டரில் இருந்தால் கிளட்ச்சை யார் பிடிப்பது? முதல் கியரிலேயே போய் முதல் கியரிலேயே வந்திருக்கிறார்.

உள்ளே போனேன். சாவி டி.வி. மேல். எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.

“சாவிய குடு.”

“மாட்டேன்.”

“பழகணும்ல. திங்கக்கெயம ஏழு பொம்பளைங்க நிப்பாங்க. நீதான சொல்லிகினு வந்த, வரும்னு. என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“கேக்கல. என் தப்புதான். அதுக்காக எங்கள லாரிக்கு அடியில வுடுவியா? அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்திதான்யா.”

“தோ, இடது கை கீதுல்ல.”

சொல்லக்கூடாது என்று இருந்தேன். மேடம் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

“ஆமா. அந்த இடது கையாலதான பதினேழும் அடிச்ச.”

அவர் இடது மணிக்கட்டை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை, அடுப்படிக்குப் போய் வெறும் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. என் போனுக்கு மட்டும் மாலைப் படம் வந்திருக்கிறது. சாமந்தி, நடுவில் ரோஜா. “நாளான்னிக்கு” என்று எழுதி, பக்கத்தில் ஏழு பூ வைத்திருக்கிறாள் சகு.

நவம்பர் 16, ஞாயிறு

மழை இல்லை. வெளுப்பாக வெயில். துணி அத்தனையும் மொட்டை மாடியில்.

காலை பத்து மணிக்குத் தீபாவின் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவள் வந்து ஒயர் மாட்டிக் கேமராவை டி.வி. மேல் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்விட்டாள். அவர் நாற்காலியில். பார்க்கவே இல்லை.

பீரோவைத் தள்ளினேன். தனியாக. அரையடி அரையடியாக, தரையில் கோடு விழுந்தது. இப்போது அடுப்படியிலிருந்து பார்த்தால் நாற்காலி தெரியும்.

பிறகு என் வலது கையில் ஒரு பட்டை கட்டினேன். அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அடுத்த பட்டையை நீட்டினேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை. நீட்டிக்கொண்டே இருந்தேன், முட்டி வலிக்கிற வரைக்கும்.

“அன்னிக்கு சும்மாதான் அடிச்சிப் பாத்தேன்” என்றார். “பந்தே வுழலியே, போனு வேல செய்யிதா இல்லியான்னு. இடது கைல கட்டிப் பாத்தேன். பதிமூணு வந்துச்சி. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்.”

“எப்ப?”

“நீ கேசரி கிண்டிகினு இருந்த.”

நீட்டிய பட்டையை நான் கீழே இறக்கவில்லை.

“நாலு மாசத்துல அன்னிக்குத்தான் நீ சிரிச்ச. மறுநாளு ஒண்ணுன்னு எப்டி சொல்றது. அப்பால சகு, அவ இவன்னு ஆளாளுக்கு. பதிமூணுக்கு அப்பால பன்னெண்டுன்னாகூட ஒரு மாரி கேக்கறாங்க. ஏத்திகினே போனேன்.”

சொல்லிவிட்டு இடது கையால் வலது கையைத் தூக்கினார். என் மடியில் வைத்தார். பட்டையைக் கட்டினேன்.

இரண்டு பொம்மை டி.வி.யில். ஒன்று நான், குண்டாக. அவர் பொம்மையின் வலது கை தொங்கிக்கொண்டு. முதல் பந்து போனது. இரண்டாவது போனது. நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்கிறது, உதட்டைக் கடிக்கிறார், தோள் நடுங்குகிறது. கை அரைச் சாண்தான் வருகிறது. அவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பதாவது பந்தில் மணிக்கட்டு கொஞ்சமாக, ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற பக்கமாகத் திரும்பியது. பந்து வலையைத் தாண்டி விழுந்தது. பதினேழாவதும்.

இருபதில் 2. முடிந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

“போனுலயும் பாத்துரு” என்றார். பையை வலது கையில் நான் கட்டினேன். இன்னொரு இருபது. அதில் 5.

போனை இடது கையில் எடுத்தார். குரூப்பைத் திறந்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து அவரே பேசினார். “சகு, எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளிக்கு நான் வரல. கை இன்னும் வரல. இத்தினி நாளு சொன்னது வலது கை இல்ல, இடது கை. வள்ளிக்குத் தெரியாது. வேற வண்டி பாத்துக்கோங்க.”

பதில் வரவில்லை. பத்து நிமிடம் இருக்கும். எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று காட்டுகிறது, ஒருத்தியும் எழுதவில்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சகு: “செரி அண்ணாத்தே. நாளிக்கு எல்லாரும் பஸ்ஸு. வள்ளி, அஞ்சு மணிக்கே ஸ்டாப்புக்கு வந்துரு. மாலய இன்னாடி பண்றது?”

“சாமி படத்துக்குப் போடு” என்று நான் எழுதினேன்.

நோட்டை எடுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். இதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

“இன்னாத்த எழுதுற? அஞ்சா?”

“எதை எழுத?”

“அஞ்சு போனு குடுத்தது. ரெண்டுன்னு போடு” என்றார். “குரூப்புலயும் போடு. வலது கைன்னு சேத்துப் போடு.”

போட்டேன். வீ. 2. வலது கை.